ரிமோட் வாங்கும் முன் இதைப் படி

கணபதி,
கோயம்புத்தூர்.

அன்புள்ள தம்பி முருகேசனுக்கு,

அக்கா எழுதுவது. அங்கே அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த முறை மறக்காமல் சொல். போனில் பேசினால் பாதியில் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். வயரிங் செய்ய வருகிறவரிடம் காட்டவும் ஒரு தாள் வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ரிமோட் பிளக்கின் படத்தைப் பார்த்தேன். அதில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. உன் பட்டறையில் மரத்தூளை உறிஞ்சும் டஸ்ட் கலெக்டரின் மோட்டார் 2 எச்.பி., அதாவது 1500 வாட், 230 வோல்ட்டில் ஏழு ஆம்பியர்கூட வராது, தாராளமாகத் தாங்கும் என்று எழுதியிருக்கிறாய். இது ஹீட்டருக்குச் சரியான கணக்கு, மோட்டாருக்கு இல்லை. 1500 வாட் என்பது ஷாப்ட்டில் கிடைக்கும் சக்தி. உள்ளே சூடாக வீணாவதையும் பவர் பேக்டரையும் சேர்த்தால், சிங்கிள் பேஸில் அந்த மோட்டார் 10, 12 ஆம்பியர் இழுக்கும். இது ஓடிக்கொண்டிருக்கும்போது. கிளம்புகிற நேரத்தில் இதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சாதாரண மோட்டார் கண் இமைப்பதற்குள் வேகம் பிடித்துவிடும். உன்னுடையதில் கனமான இம்பெல்லர் மாட்டியிருக்கிறது, அது முழு வேகத்துக்கு வர இரண்டு மூன்று விநாடி ஆகும். அதுவரை 50, 60 ஆம்பியர் அந்தப் பிளக்கின் வழியாகத்தான் போக வேண்டும். மாலையில் அங்கே செங்கோட்டையில் வோல்டேஜ் இறங்குகிறது என்று நீயே சொன்னாய். அப்போது இன்னும் நேரமெடுக்கும்.

பிளக்குக்குள் இருப்பது விரல்நுனி அளவு ரிலே. அதன் கான்டாக்ட் மூடும்போது ஒரு துள்ளு துள்ளும், அந்தத் துள்ளலில் பொறி பறக்கும், பொறியில் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ரிமோட்டில் எத்தனை முறை ஆஃப் அமுக்கினாலும் மோட்டார் நிற்காது. எங்கள் பேனல் போர்டு பட்டறைக்குப் பழுதுக்கு வருகிற பெட்டிகளில் ஒட்டிப்போன ரிலேக்கு என்றுமே குறைவில்லை.

இதற்காக ரிமோட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். சுவரில் இருக்கும் சுவிட்ச் வரை நடக்கச் சோம்பல்பட்டு, "ஒரே ஒரு கட்டிங்தானே" என்று டஸ்ட் கலெக்டரைப் போடாமலே அறுக்கிறவன் நீ. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே சேர்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் தூள் தரையில் விழுந்துவிடும். தெரியாத பொடிதான் நுரையீரலுக்குள் போகிறது. கை எட்டும் இடத்தில் பட்டன் இருந்தால் நீ போடுவாய், இல்லாவிட்டால் போடமாட்டாய்.

ஆனால் அந்த ரிமோட் மோட்டார் கரண்டைத் தொடவே கூடாது. பட்டனை அமுக்கும் உன் விரலின் வேலையை மட்டும் அது செய்தால் போதும். கிராமத்தில் விவசாயிகள் வீட்டிலிருந்தே செல்போனில் கிணற்று மோட்டாரை ஓடவிடுகிறார்கள் பார், அந்த மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டியும் மோட்டாரை நேராக இயக்குவதில்லை. ஸ்டார்ட்டரின் காயிலுக்குத்தான் கரண்ட் கொடுக்கிறது, அந்தக் காயில் இழுத்து மூடும் கான்டாக்டர் என்ற கனமான சுவிட்ச்தான் பாரத்தைச் சுமக்கிறது.

ஆகவே முதலில் ஒரு டிஓஎல் (டைரக்ட் ஆன் லைன்) ஸ்டார்ட்டர் வாங்கு. பச்சை, சிவப்பு என்று இரண்டு பட்டன், உள்ளே கான்டாக்டர், ஓவர்லோட் ரிலே, அவ்வளவுதான். கடையில் சும்மா கேட்டால் 415 வோல்ட் காயில் போட்டதைக் கொடுத்துவிடுவார்கள். சிங்கிள் பேஸுக்கு, 230 வோல்ட் காயில் என்று சொல்லிக் கேள். கான்டாக்டரின் மேல் இரண்டு ஆம்பியர் கணக்கு இருக்கும். ஏசி-1 என்பது ஹீட்டர் மாதிரி பாரத்துக்கு, ஏசி-3 என்பது மோட்டாருக்கு. ஏசி-1-இல் 25 ஆம்பியர் என்று போட்ட சின்னக் கான்டாக்டர் ஏசி-3-இல் வெறும் 9 ஆம்பியராக இருக்கும். கடைக்காரர் பெரிய எண்ணைத்தான் சொல்வார். நீ ஏசி-3-இல் 18 ஆம்பியர் இருப்பதைப் பார்த்து வாங்கு. ஓவர்லோட் ரிலேயை மோட்டாரின் நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு வைக்க வேண்டும். சிங்கிள் பேஸ் என்றாலும் ரிலேயின் மூன்று போல் வழியாகவும் கரண்ட் போகிற மாதிரி லூப் போடச் சொல். இல்லாவிட்டால் காரணமில்லாமல் டிரிப் ஆகும்.

இனி ரிமோட். 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் இரண்டு சேனல் ரிசீவர் போதும். டிவி ரிமோட் மாதிரி இன்ஃப்ராரெட் வேண்டாம். நேருக்கு நேர் காட்ட வேண்டும், தூசி படிந்தால் அப்படிக் காட்டினாலும் எடுக்காது. ரிசீவரில் டாகிள், லாட்ச், மொமென்டரி என்று மூன்று மோடு இருக்கும். மொமென்டரியில் வை, அதாவது பட்டனை அமுக்கும் வரைதான் ரிலே இழுக்கும். முதல் சேனலின் என்ஓ (சும்மா இருக்கும்போது திறந்திருக்கும்) கான்டாக்டைப் பச்சைப் பட்டனுக்குப் பேரலலாகக் கொடு. இரண்டாவது சேனலின் என்சி (சும்மா இருக்கும்போது மூடியிருக்கும்) கான்டாக்டைச் சிவப்புப் பட்டனோடு சீரிஸில் கொடு. ரிசீவருக்கு சப்ளை கான்டாக்டருக்கு முன்னாலிருந்து வரட்டும். காயில் ஓடுவதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம், ரிசீவரின் குட்டி ரிலே அதை ஆண்டுக்கணக்கில் செய்யும். ரிசீவரே செத்துப்போனாலும் சுவரில் இருக்கும் இரண்டு பட்டனும் பழையபடி வேலை செய்யும்.

மொமென்டரி என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கரண்ட் போனால் கான்டாக்டர் விட்டுவிடும், திரும்பி வந்தாலும் யாராவது பச்சையை அமுக்காமல் பிடிக்காது. லாட்ச் மோடில் பழைய நிலையை நினைவு வைத்துக்கொள்ளும் ரிசீவர்கள் இருக்கின்றன. கரண்ட் போன நேரத்தில் நீ குழாயைக் கழற்றி, இம்பெல்லரில் சிக்கிய மரச்சிம்பை எடுக்கக் கைவிட்டிருப்பாய். கரண்ட் வந்தவுடன் அது சுற்ற ஆரம்பித்தால்? கிணற்று மோட்டாரில் ஆட்டோ வைப்பதில் அர்த்தம் இருக்கிறது, பக்கத்தில் ஆள் கிடையாது. பட்டறையில் ஆட்டோ கூடவே கூடாது. வைஃபை சுவிட்ச் வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். வீட்டில் உட்கார்ந்து உன் பெண் போனைத் தட்டினால் பட்டறையில் மோட்டார் ஓடும்.

டேபிள் சா ஓடினால் தானாகவே டஸ்ட் கலெக்டரும் ஓடுகிற கரண்ட் சென்சிங் சுவிட்ச் பற்றியும் கேட்டிருந்தாய். சின்ன வாக்குவம் கிளீனருக்கு அது அருமையான பொருள். 2 எச்.பி. இண்டக்ஷன் மோட்டாருக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நீ பத்து விநாடி அறுப்பாய், நிறுத்துவாய், அளப்பாய், மறுபடி அறுப்பாய். ஒவ்வொரு முறையும் அது கிளம்பி நின்றால் ஸ்டார்ட் கபாசிட்டரும் வைண்டிங்கும் சூடேறிப் போய்விடும். இந்த மோட்டாரை ஒருமுறை போட்டால் வேலை முடியும் வரை ஓடட்டும். கடைசிக் கட்டிங்குக்குப் பிறகும் சில நிமிடம் ஓடவிடு.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். குழாயில் காற்றை அடைக்கும் தகடான கேட்டை மூடினால் மோட்டாருக்குப் பாரம் கூடும் என்று நினைப்பார்கள். நேர்மாறு. காற்று ஓட்டம் குறைந்தால் ஆம்பியர் இறங்கும். குழாயையே கழற்றிவிட்டு வெறுமனே ஓடவிட்டால்தான் ஆம்பியர் ஏறும், ஓவர்லோட் டிரிப் ஆவதும் அப்போதுதான். அதனால் கிளம்பும்போது கேட்டுகள் மூடியிருப்பது மோட்டாருக்கு நல்லது. கிளாம்ப் மீட்டர் வைத்து அளக்கும்போது எல்லாக் கேட்டையும் திறந்து வைத்து அள.

மீதி சில்லறை விஷயங்கள். இரும்புப் பெட்டிக்குள் ரிசீவரை வைத்தால் சிக்னல் எடுக்காது. பிளாஸ்டிக் பெட்டி போடு, அல்லது 17 சென்டிமீட்டர் ஆன்டெனா வயரை வெளியே எடுத்துவிடு. பெட்டி தூசியைத் தடுக்கும் ஐபி 54-ஆவது இருக்கட்டும். லைனுக்கு 2.5 ஸ்கொயர் காப்பர் வயர், மெயினிலிருந்து தூரம் அதிகமென்றால் 4. எம்சிபி சி டைப்பில் 20 ஆம்பியர். ரிமோட்டைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடாதே, சுற்றும் பிளேடுக்குப் பக்கத்தில் குனிகிற ஆள் நீ. ஒரு காந்தம் ஒட்டி டேபிள் சாவின் முன்பக்கத் தகட்டில் வை. டேபிள் சாவை ஒருநாளும் ரிமோட்டில் போடாதே. தூசிப் பையை மாற்றும்போதும் இம்பெல்லரைத் தொடும்போதும் எம்சிபியை இறக்கிவிட்டுத் தொடு, ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று அப்போது உனக்குத் தெரியாது.

ஸ்டார்ட்டரும் ரிசீவரும் சேர்ந்தால் நீ பார்த்த பிளக்கை விடச் செலவு கூடத்தான். மோட்டாரை ரீவைண்டிங் செய்யும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்.

இன்றைக்கே மோட்டார் நேம் பிளேட்டைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பு. ஆம்பியரைப் பார்த்துவிட்டு ஓவர்லோட் ரிலேயை எவ்வளவில் வைப்பது என்று சொல்கிறேன். அந்தப் பிளக்கை ஆர்டர் செய்யாதே.

அன்புடன்,
அக்கா