ஒரே இரவில் திருத்தியது

சிரம்பானுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் பவளத்தொட்டி வைத்தபோது அப்பா சிரித்தார். “கல்லுக்குப் போயி இவ்வளவு செலவாடா?”

கல்லல்ல, உயிர். திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் பவளத்துக்குச் சோறு போடுகிறது. சூடு கூடினால் பவளம் அதை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010-இல் தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை மூடியது அதனால்தான்.

என் தொட்டியில் சூடு பிரச்சினையில்லை. குளிரூட்டி 26 டிகிரியில் வைத்திருந்தது. ஒருநாள் சோதித்தபோது காரத்தன்மை 6 டி.கே.எச். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட 8, 9 இருந்தால் நல்லது. எஞ்சினியர் அல்லவா, ஒரே இரவில் கரைசல் ஊற்றி 9 ஆக்கினேன். எண் சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் கிளைப்பவளங்களின் அடியில் தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. நாளுக்கு ஒன்றுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று பிறகுதான் படித்தேன். குறைவைக்கூடத் தாங்கும் பவளம், திடீர் மாற்றத்தைத் தாங்குவதில்லை.

அப்பா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தொட்டியை வெகுநேரம் பார்த்தார்.

“நிறைய பால் வேணும்னு ஆழமா வெட்டுனா அன்னிக்கு வாளி நிறையும்டா. பட்டைதான் அப்புறம் சரியா வளராது.”

இப்போது சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றுகிறேன். ஒரே ஒரு கிளை மிஞ்சியிருக்கிறது. காலையில் எனக்கு முன்பே அப்பா அதைப் போய்ப் பார்த்துவிடுகிறார்.