அருவிக்கு அப்பால்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று நுழைந்து, தென்காசிச் சீமை எங்கும் சாரல் தூவத் தொடங்கிவிட்டால், குற்றாலத்துக்கு வந்து குவிகிற ஜனங்களின் நோக்கமெல்லாம் அருவி ஒன்றாகவே இருக்கிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஆசை தீர நீராடி, நேந்திரங்காய் வற்றல் பொட்டலத்தோடு ஊர் திரும்பும் அவர்களுள், நாட்டுப்புறக் கலைகளுக்கென்றே தொல்லியல் துறையார் அமைத்த அகழ்வைப்பகம் ஒன்று இவ்வூரில் உண்டு என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அதனைக் காணாமல் போவது ஒரு நஷ்டந்தான். அதனினும் பெரிய நஷ்டம், தெப்பக்குளக் கரையில் நிற்கும் சித்திர சபையைப் பாராமல் போவது.

கூத்தப்பிரானின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன்னாலும், மதுரை வெள்ளியாலும், திருநெல்வேலி தாமிரத்தாலும், திருவாலங்காடு ரத்தினத்தாலும் பெயர் பெற்றிருக்க, குற்றாலத்துக்கு வாய்த்ததோ வர்ணம். பிற தலங்களில் விக்கிரகமாக விளங்கும் நடராஜப் பெருமான் இங்கே சுவரில் தீட்டிய சித்திரமாகவே பூஜை கொள்ளுகிறார். மார்கழித் திருவாதிரையன்று தாண்டவ தீபாராதனை நிகழ்வதும் அந்தச் சித்திரத்துக்கே. மூலிகை வர்ணங்களால் எழுதப்பெற்ற அச்சுவர்களை அண்ணாந்து பார்த்து நிற்கையில், பெயர் எழுதி வைக்காமல் போன அந்தச் சித்திரக்காரர்களின் பக்தியும் கைத்திறனும் நெஞ்சை நிறைக்கின்றன.

வர்ணம் தந்த இம்மலையின் தாவரச் செல்வம் கடல் கடந்து வந்தவர்களையும் கவர்ந்திருக்கிறது. 1796இல் மொலுக்காஸ் தீவுகளை டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியபின், அதுவரை டச்சுக்காரர் காத்துவந்த ஜாதிக்காயும் கிராம்பும் வேறு மண்ணிலும் வேர்விட வழி பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் வாசனைத் திரவியத் தோட்டங்களை வைத்தார்கள். கணவாய் வழியே வரும் ஈரக்காற்றே இவ்விடத்தை அதற்கு உகந்ததாக்கியது. இன்றும் பருவகாலத்தில் கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருப்பதைக் காண்கிறவர்கள், அத்தோட்டங்களின் பரம்பரையையே காண்கிறார்கள் என்று சொல்லலாம்.

கம்பெனியின் வைத்தியராயிருந்து தாவர சாஸ்திரத்தில் மூழ்கிய ராபர்ட் வைட் என்பவரும் இம்மலையில் செடிகொடிகளைத் திரட்டினார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட பெருந்தொகுதிகளுக்குத் தாவரப் படங்கள் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள். இலையின் நரம்பையும் மகரந்தக் காம்பையும் பிசகாமல் எழுதிய அவர்களையும், சபைச் சுவரில் இறைவனை எழுதிய பெயரறியாதவர்களையும் ஒரே வரிசையில் வைத்து வணங்கவே என் மனம் விழைகிறது.

சீசனுக்குக் குற்றாலம் செல்லும் அன்பர்களே, துண்டு நனையுமுன் அரை மணி நேரத்தைச் சித்திர சபைக்கு ஒதுக்குங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். சுவரை மட்டும் தொடாதீர்கள்.