பிசின் வடியும் பைன் நாட்டிலே

வயலின் வாசிப்போர் வில்லிலே தேய்க்கும் ரொசின் கட்டியை வாசகர்கள் பலரும் கண்டிருப்பர். தேன் நிறமான அக்கட்டி உண்டான நாடுகளுள் ஒன்றைக் காண விரும்பி, பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கிலுள்ள லாந்துப் பிரதேசத்துக்கு நாம் சென்றிருந்தோம்.

போர்தோ நகரிலிருந்து தெற்கே செல்லச் செல்ல, வழியின் இருமருங்கும் பைன் மரங்களே. சுமார் 10 இலட்சம் ஹெக்டேயர் பரப்புடைய இக்காடு பெரும்பாலும் மனிதர் நட்டதாகும். முன்னர் இங்கே சதுப்பு நிலமே மிகுதி. இடையர்கள் பொய்க்கால்களில் நின்று ஆடு மேய்த்த பொதுத்தரை அது. 1857ஆம் ஆண்டுச் சட்டம் நீரை வடித்து மரம் நடுமாறு விதித்தது. மரம் வளர்ந்தது, பொதுத்தரை தனியார் கைக்குப் போயிற்று, இடையரின் மக்கள் பலர் பிசின் எடுக்கும் தொழிலாளராயினர்.

சாப்ரே என்னும் ஊரிலிருந்து சிறு புகையிரதமொன்றில் மார்க்கேஸ் திறந்தவெளி நூதனசாலையை அடைந்தோம். மரத்திலே கீறல், அதன் கீழே மண்சட்டி. நம்மூர்ப் பனையில் முட்டி கட்டுவதே நினைவுக்கு வந்தது. ஊக் என்பவர் 1844இல் சட்டி முறையைக் கொண்டுவருமுன், மரத்தடிக் குழியிலே மணலோடு கலந்துதான் பிசின் சேர்ந்ததாம். காயத்தின் மேல் வெண்பொருக்குப் படிந்திருந்தது. பிசினிலுள்ள டர்ப்பன்டைன் ஆவியாகிப் போக, எஞ்சிய அமிலங்கள் நுண்பளிங்குகளாய்த் திரண்டமையே அவ்வெண்மைக்குக் காரணம்.

அடுத்து, 1859 முதல் 1954 வரை இயங்கிய லுக்சே ஊர்ப் பிசின் சாலைக்குச் சென்றோம். பிசினை வாலையிலே காய்ச்சி, டர்ப்பன்டைனை வடித்தெடுத்தபின் அடியில் நிற்பதே ரொசின். அதனை ஆறவிடுவதிலேதான் கைத்திறன் இருக்கிறது. விரைவில் ஆறினால், அணுத்திரள்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள அவகாசமின்றிக் கண்ணாடி போல் தெளிவாக உறையும். சூட்டிலே நெடுநேரம் கிடந்தால் பளிங்குகள் வளர்ந்து கட்டி மங்கிப்போகும். அது எளிதில் உருகாது, கரையாது. சவர்க்காரத்துக்கோ வார்னிசுக்கோ ரொசின் வாங்குவோர் அதனை விரும்புவதில்லை. கற்கண்டு செய்வோர் பாகைப் பொறுமையாய் ஆறவிட்டுப் பளிங்கை வளர்ப்பர். இங்கோ பளிங்கே பகை!

வழிகாட்டிய மூதாட்டியின் தந்தையார் பிசின் எடுத்தவராம். "அப்பாவின் கையிலே இருந்த பிசின் மணம் ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது" என்றார் அவர். மலிவான அயல்நாட்டுப் பிசின் வந்து குவிய, 1990 அளவில் அத்தொழில் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. மரம் இப்போது பலகைக்கும் காகிதத்துக்குமே வெட்டப்படுகிறது. 2022இல் வடபுறத்திலே எழுந்த பெருந்தீ பல்லாயிரம் ஹெக்டேயர் காட்டை எரித்ததையும் அம்மூதாட்டி கூறினார்.

விடைபெறும்போது சிறு ரொசின் துண்டொன்றை நம் கையில் வைத்தார். வெயிலிலே பிடித்துப் பார்த்தோம், மங்கலில்லை. காய்ச்சியவர்கள் போய்விட்டார்கள், அவர்களின் கைத்திறன் மட்டும் அதிலே தெளிவாய் நின்றது.