படகின் அடியில் ஐந்து துளைகள்

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு வாரத்தை லுமுட்டில், கரையேற்றப்பட்ட பாய்மரப் படகொன்றின் அடியில் கழித்தேன். படகு என் தங்கை கணவருடையது. கண்ணாடியிழை உடல், என் ஆசிரியப் பணியைவிடச் சற்று மூத்தது.

மிதக்கும் பொருளில் மனிதன் வேண்டுமென்றே துளையிடுகிறான் என்பது நம் மாணவர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் வர வேண்டும். கழிவறைக்கு நீர் வரவும் கழிவு போகவும் வழி வேண்டும். சமையல் தொட்டி நீர் வெளியேற வேண்டும். ஆழமானிக்கு ஓரிடம் வேண்டும். ஆக, நீர்மட்டத்திற்குக் கீழே ஐந்து துளைகள். ஆழமானியைத் தவிர மற்ற நான்கிலும் உலோகக் குழாயும் உட்புறத்தில் வால்வும் இருந்தன.

38 மில்லிமீட்டர் துளை, நீர்மட்டத்திற்கு 60 சென்டிமீட்டர் கீழே இருப்பதாகக் கொள்வோம். அதன் குழாய் முறிந்தால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் மேலான நீர் உள்ளே பாயும். என் தங்கையின் பிள்ளைகள் இருவரும் அதே படகில்தான் இரவில் உறங்குகிறார்கள்.

முந்தைய உரிமையாளர், வீட்டுக் குழாய்க்கான பித்தளை வால்வுகளைப் பொருத்தியிருந்தார். நாம் துருப்பிடித்தல் என்றதும் இரும்பாணியைத்தான் வகுப்பில் காட்டுகிறோம். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல்நீரில் துத்தநாகம் மெல்ல மெல்லக் கரைந்துபோக, நுண்துளை மலிந்த செம்பு மட்டும் எஞ்சுகிறது. வடிவம் மாறாது, வலிமைதான் போய்விடும்.

"விடுங்க மச்சான், இன்னும் ரெண்டு வருசம் தாங்கும்" என்றார் அவர். வெண்கல வால்வுகளின் விலை அப்படி! நான் ஒன்றைக் கத்தியால் சுரண்டினேன். மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு தெரிந்தது. சுத்தியலால் மெல்லத் தட்டினார், ரொட்டிபோல் உதிர்ந்தது. அதன்பின் விலையைப் பற்றிப் பேச்சில்லை.

மாற்றுவதோடு இடத்தையும் ஆராய்ந்தோம். கழிவறைக்கு நீர் எடுக்கும் துளை, கழிவு வெளியேறும் துளைக்கு நேர் பின்னால் இருந்தது. படகு முன்செல்லும்போது வெளியேற்றியதையே மீண்டும் உறிஞ்சும். எவர் செய்த ஏற்பாடோ! அதை முன்புறம் மாற்றினோம். இயந்திரத்திற்கான துளையோ பக்கவாட்டில் உயரமாக இருந்தது; காற்றில் படகு சாயும்போது அது நீருக்கு மேலே வந்து காற்றை இழுக்கும். ஆகவே புதியதை ஏராவின் அருகே தாழ்வாக வைத்தோம். பழைய துளைகளை அடைப்பதுதான் பெரும்பாடு. விளிம்பை, உடலின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடியிழையை எப்பாக்சிப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். இரண்டு நாள்கள் அதற்கே போயின.

வால்வுகள் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டுமென்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். அவள் கருத்துப்படியே கட்டிலடியிலிருந்த ஒன்றை நடைவழிக்குக் கொண்டுவந்தோம்.

படகை இறக்கியபோது, பாரந்தூக்கியின் பட்டைகளைக் கழற்றாமலேயே ஒவ்வொரு துளையையும் விளக்கடித்துப் பார்த்தோம். ஒரு நீர்க்குழாயின் இறுக்குவளையத்தில் மட்டும் சொட்டியது, முறுக்கியதும் நின்றது. ஒவ்வொரு வால்வின் அருகிலும் கூம்பு வடிவ மர அடைப்பான் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். சின்னவள் அட்டைகளில் தமிழிலேயே பெயர் எழுதி ஒட்டினாள். 'கழிவரை' என்றிருந்ததை மட்டும் திருத்தி எழுதச் சொன்னேன்.