பாரன் தீவின் பாறை ஏடுகள்

இந்தியாவில் இன்றும் கனன்று எரியும் ஒரே எரிமலை நம் அந்தமான் கடலில்தான் உள்ளது. இங்குக் குடியேறிப் பல்லாண்டு வாழ்ந்தும் அதனை நேரிற் கண்டவர் நம்முட் சிலரே. சென்ற மாசித் திங்களில் அன்பர் சிலருடன் அத்தீவைச் சுற்றிவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

2024இல் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பாரன் தீவு. இரவெல்லாம் கப்பலில் கழிந்தது. விடியலில் கரிய கோட்டைச் சுவரென மலை எழுந்தது. தீவின் அகலம் ஏறத்தாழ 3 கிலோமீட்டரே. ஆயினும் கடலடியிலிருந்து அளந்தால் மலையின் உயரம் 2 கிலோமீட்டருக்கும் மிகுதி. நாம் காண்பது முடியை மட்டுமே.

கரையில் இறங்க இசைவில்லை. மேற்கே சுவர் பிளந்திருக்கும் இடத்தில், உள்ளே கூம்பு மலையும், கடல்வரை இறங்கி உறைந்த கருங்குழம்பும் தெரிந்தன. உடன்வந்த ஓர் அம்மையார், மடியிற் குழந்தையை அணைத்தவாறே, "அண்ணா, இது அணைந்த மலை என்றுதானே என் பாட்டனார் சொல்லுவார்?" என்றார்.

பாட்டனார் பொய் சொல்லவில்லை. எழுத்துச் சான்று 1787இல் தொடங்குகிறது. 1789இல் கேப்டன் பிளேர் இம்மலை பொங்கக் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மலை அடங்கிக் கிடந்தது. 1991இல் திடீரென விழித்தது. அதன்பின் பன்முறை பொங்கியுள்ளது.

மனிதர் நினைவு குறுகியது. மலையின் நினைவோ பாறையில் உளது. சுவரின் உட்புறத்தில் அடுக்கடுக்காய்ப் படிந்தவற்றை ஆய்வாளர் ஏடுபோற் படிக்கின்றனர். கெட்டியான கற்படை, குழம்பு வழிந்தோடிய காலத்தைக் காட்டும். சாம்பலும் பொடிக்கல்லும் வெடித்தெழுந்த காலத்தைக் காட்டும். கல்லும் சேறும் கலந்த அடுக்கு, மழைநீர் சாம்பலை வாரிவந்த காலத்தைக் காட்டும். 1884இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் மாலெட் இத்தீவை ஆராய்ந்து நூல் எழுதினார். பிற்காலத்தார் பாறையில் அடைபட்ட ஆர்கான் வாயுவை அளந்து, கடல்மட்டத்துக்கு மேலுள்ள மிகப் பழைய கற்படைகளுக்கு ஏறத்தாழ 16 லட்சம் ஆண்டு அகவை கணித்தனர்.

தீவில் மறைந்த ஏடுகள் கடலடியிலும் கிடைத்தன. தென்கிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவில் எடுத்த சேற்றுத் தூணில் ஏழு சாம்பல் அடுக்குகள் இருந்தன. மூன்று, 70,000 முதல் 61,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை; நான்கு, 24,000 முதல் 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இடையில் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அத்தூணில் சாம்பலடுக்கே இல்லை. அத்துணை நெடிய அமைதிக்குப் பின்னும் மலை எழுந்தது என்றால், நூற்றைம்பதாண்டு உறக்கத்தை மரணமென்று கொள்வது தகுமோ?

1991க்குப் பின் வழிந்த குழம்பு, கூம்பைச் சூழ்ந்த பள்ளத்தைப் பெரிதும் மூடிவிட்டது. புதிய ஏடு பழையதை மறைக்கின்றது. ஆதலின் மாலெட் எழுதிவைத்த குறிப்புகள் இன்று இன்னும் அரியனவாயின.

இவற்றை எனக்குத் தெரிந்தவரை அவ்வம்மையாருக்கு எடுத்துரைத்தேன். அவர் சற்று நேரம் புகையை நோக்கியிருந்து, "அப்படியானால் என் பிள்ளைக்கு, மலை உறங்குகிறது என்று சொல்லுகிறேன், அணைந்தது என்று சொல்லமாட்டேன்" என்றார். கப்பல் திரும்பியது.