பேரங்காடியில் ஒரு நாற்காலி

சென்னைக்குச் செல்லும் நம் பங்கு மக்கள் முன்பெல்லாம் சாந்தோம் பேராலயத்தையும், கடற்கரையையும், “செத்த காலேஜ்” என்று வேடிக்கையாக அழைக்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவர். இன்றோ, இரயிலைவிட்டு இறங்கும்போதே பிள்ளைகள், “எந்த மாலுக்குப் போகிறோம்?” என்றுதான் கேட்கின்றனர். சென்ற தவக்காலத்தில் எனக்கும் அந்த அனுபவம் வாய்த்தது. உயிர்ப்புப் பெருவிழாவிற்குப் பின் என் தங்கை மகளுக்குத் திருமணம். வேண்டியவற்றை வாங்க மூன்று நாள் சென்னையில் தங்குவதென்று முடிவாயிற்று. ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான் பை தூக்கும் துணையாக உடன் சென்றேன். அங்குக் கண்டவற்றையும், ஒரு மாலை வேளையில் நான் கற்ற பாடத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரே கூரையின்கீழ் எல்லாப் பொருளும் கிடைப்பது சென்னைக்குப் புதிதன்று. 1900ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் முதல் பறவை வரை கிடைத்தது. 1985இல் அது தீக்கிரையாயிற்று. அது நின்ற இடத்திலிருந்துதான் இன்று புறநகர் இரயில்கள் புறப்படுகின்றன. அண்ணா சாலையில் வெள்ளையர் காலத்திலிருந்து பெயர்பெற்று விளங்கிய ஸ்பென்சர் கட்டடமும் 1980களின் தொடக்கத்தில் எரிந்துபோயிற்று. அவ்விடத்தில் 1991இல் எழுந்த ஸ்பென்சர் பிளாசாவே இந்நகரில் இக்காலத்துப் பேரங்காடிகளுக்கு முன்னோடி எனலாம்.

அதன்பின் ஒவ்வொன்றாக எழுந்தன. மயிலாப்பூர் இராதாகிருஷ்ணன் சாலையில் சிட்டி சென்டர். இராயப்பேட்டையில், முன்பு இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் இயங்கிய வளாகத்தில், 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ. வேளச்சேரியில் 2013இல் பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி. வடபழனியில், புகழ்பெற்ற விஜயா படப்பிடிப்பு நிலையம் இருந்த மண்ணில், இன்று நெக்சஸ் விஜயா என வழங்கும் மால். 2018இல் அண்ணா நகரை அடுத்த திருமங்கலத்தில் வி.ஆர். மால். இவற்றுள் வடபழனிக்கும் திருமங்கலத்திற்கும் மெட்ரோ இரயிலிலேயே சென்று இறங்கலாம். வண்டி நிறுத்தும் கட்டணம் மிச்சமாகும். சிட்டி சென்டர் செல்வோர் சாந்தோமில் புனித தோமாவின் கல்லறையில் முழந்தாளிட்டுச் செல்லலாம். வேளச்சேரிக்குச் செல்வோருக்குச் சின்னமலைத் திருத்தலம் தொலைவிலில்லை.

இத்தகைய கட்டடத்தின் வரலாறும் அறியத்தக்கது. முற்றிலும் மூடப்பட்டுக் குளிரூட்டப்பெற்ற முதல் பேரங்காடியாகிய சவுத்டேல், 1956இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் குரூன் என்பவர். தம் ஊரின் சதுக்கங்களைப் போல மக்கள் கூடி உரையாடும் இடமாக அது அமைய வேண்டுமென்பது அவரது கனவு. விளைந்ததோ வேறு. தம் பெயரால் உலகெங்கும் பெருகிய அங்காடிகளைப் பிற்காலத்தில் அவரே வெறுத்தார். உள்ளே நுழைந்தவர் வந்த காரியத்தை மறந்து, கண்டதையெல்லாம் விரும்பத் தொடங்கும் மயக்கத்திற்கு அவர் பெயரையே சூட்டிவிட்டனர்!

அந்த மயக்கத்தை நானும் உணர்ந்தேன். சன்னல் காண்பதரிது, பொழுது சாய்ந்தது தெரிவதில்லை. ஏறிய படிக்கட்டில் உடனே இறங்க இயலாமல், பல கடைகளைக் கடந்து நடக்க வேண்டியிருக்கிறது. ஆயிரம் ரூபாய் என்பது அங்கே சிறு தொகையாகத் தோன்றுகிறது. ஆகவே, செல்வதற்கு முன் வாங்க வேண்டியவற்றையும், செலவிடக்கூடிய தொகையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நன்று. பொட்டலத்தில் அச்சிட்ட உயர்ந்தபட்ச விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே துணிப்பை கொண்டுசெல்லுங்கள். வார நாள் முற்பகலில் கூட்டம் குறைவு.

நாங்களோ மூன்றாம் நாளாகிய ஞாயிறு மாலையில் சென்றோம். பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு பேரங்காடியில், ஒரு காலணிக் கடை. என் மருமகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலணிகளை அணிந்து பார்த்தாள். ஒரு பெண் உள்ளே ஓடிப் பெட்டிகளைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் தரையில் முழந்தாளிட்டு, மருமகளின் காலில் மாட்டிவிட்டாள். இருபது பெட்டிகளுக்குமேல் திறந்தாயிற்று. எனக்கோ இரயிலுக்கு நேரமாயிற்று. “சீக்கிரம் கொண்டுவா அம்மா, இன்னும் எத்தனை நேரம்?” என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

எழுந்தவள் சுவரில் கை ஊன்றி நின்றாள். “சார், என்னைத் தெரியவில்லையா?” என்றாள்.

திடுக்கிட்டுப் பார்த்தேன். எங்கள் பள்ளியில் படித்த பிள்ளை! மறைக்கல்வி வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்தவள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவள் தந்தை இறந்தபோது, தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றதும் நினைவுக்கு வந்தது. “பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், சார். கல்லூரிக்கு அனுப்பட்டுமா, வேலைக்கு அனுப்பட்டுமா?” என்று அந்த அம்மாள் கேட்டார். “முதலில் கடன் அடையட்டும். படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னவன் நான்தான். நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக் கையொப்பமிட்டவனும் நானே. அந்தப் “பிறகு” இன்னும் வரவில்லை.

“காலில் என்னம்மா?” என்றேன். “ஒன்றுமில்லை சார். காலையிலிருந்து நிற்பதால் வீக்கம்” என்றாள். ஞாயிறன்றுதான் விற்பனை மிகுதி, விடுப்பு கிடைக்காது. விடியற்காலைத் திருப்பலியில் பங்கேற்றுவிட்டு, நேரே வேலைக்கு வந்துவிடுவாளாம். “உட்கார நாற்காலி இல்லையா?” என்று கேட்டேன். அவள் மூலையைக் காட்டினாள். நாற்காலி இருந்தது, அதன்மீது காலணிப் பெட்டிகள் அமர்ந்திருந்தன!

கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி அளிக்க வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போது அமர்வது அவர்களுடைய உரிமை. அண்டை மாநிலமாகிய கேரளத்தில், விற்பனைப் பெண்கள் போராடியதன் பயனாக, 2018இலேயே இவ்வுரிமை கிடைத்தது. இதைச் செய்தித்தாளில் படித்து மகிழ்ந்தவன் நான். ஆனால் எதிரே நின்றவளின் கால்களை நான் நோக்கவில்லை.

கடை மேற்பார்வையாளரிடம் சென்று மெதுவாகப் பேசினேன். அவரும் இளைஞரே, அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார். “ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர்கள் தவறாக எண்ணுகிறார்கள், ஐயா” என்றார். அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. அந்த வாடிக்கையாளர் யார்? சற்றுமுன் அதட்டிய நான்தானே!

“நாங்கள் தவறாக எண்ணமாட்டோம், தம்பி” என்றேன். அவர் மறுபேச்சின்றிப் பெட்டிகளை எடுத்துக் கீழே வைத்தார். அப்போதும் அவள் அமரத் தயங்கினாள். என் மருமகள்தான், “அக்கா, நானே போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள்” என்று அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள். இரண்டு சோடி காலணிகளை அணிந்து பார்க்கும் நேரம் அவள் அமர்ந்திருந்தாள். நாங்கள் சென்றபின் அப்பெட்டிகள் மீண்டும் அந்நாற்காலிக்கே வந்திருக்கக்கூடும். அந்த எண்ணம் என்னை இன்றும் உறுத்துகிறது.

உழைப்பாளரின் உரிமைகளைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் சுற்றுமடல் வரைந்தார். மனிதனுக்காகவே உழைப்பு என்ற உண்மையைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் விரித்துரைத்தார். 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, அந்த லியோவை நினைந்தே பதினான்காம் லியோ என்னும் பெயரை ஏற்றார். இவற்றையெல்லாம் தொழிற்சாலைகளுக்குரியவை என்றே நாம் எண்ணிவிடுகிறோம். நாம் பொருள் வாங்கும் கடைக்கும் அவை உரியவை அல்லவா?

ஊர் திரும்பியதும் அவள் தாயைச் சென்று பார்த்தேன். நான் அன்று சொன்ன அறிவுரை அவசரத்தில் சொன்னதென்று ஒப்புக்கொண்டேன். “நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னீர்கள், சார்” என்றார் அந்த அம்மாள். அவர் என்னைக் கடிந்திருந்தால்கூட மனம் இத்தனை வருந்தியிராது. வேலையிலிருந்துகொண்டே பட்டம் பெறத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விவரங்களைத் திரட்டி அவளுக்கு அனுப்பினேன். முதலாண்டுக் கட்டணம் என் பொறுப்பு என்றும் எழுதினேன். “யோசித்துச் சொல்கிறேன், சார்” என்று தொலைபேசியில் கூறினாள். காத்திருக்கிறேன்.

சில வாரங்கள் கழித்துப் பெரிய வியாழன் வந்தது. எங்கள் பங்குத் தந்தை முழந்தாளிட்டுப் பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். ஆண்டுதோறும் காணும் சடங்குதான். ஆனால் இவ்வாண்டு என் கண்முன் நின்றது, காலணிக் கடைத் தரையில் முழந்தாளிட்ட அந்தப் பிள்ளையின் உருவமே. ஆண்டவர் செய்த பணியை அவள் நாள்தோறும் செய்கிறாள். அவளுடைய பாதங்களை எண்ணிப் பார்க்கத்தான் ஆளில்லை.

அன்புக் குடும்பத்தினரே! நகரத்துப் பேரங்காடிகளுக்குச் செல்லுங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள், அதில் தவறில்லை. இயன்றவரை ஞாயிறைத் தவிருங்கள். வாங்கும் எண்ணமின்றிப் பெட்டிகளைத் திறக்கச் செய்யாதீர்கள். பணம் செலுத்துமுன், “உங்களுக்கு உட்கார இடம் இருக்கிறதா, அம்மா?” என்று ஒரு சொல் கேளுங்கள். நம் ஊர்களிலிருந்து சென்ற பிள்ளைகள் அங்கே பலர் நின்றுகொண்டிருக்கிறார்கள்.