பாம்பாற்று மீன் மாயாற்றில்



மறையூர்ப் பக்கமிருந்து இறங்கி நம்ம அமராவதி அணைக்கு வருகிறதே பாம்பாறு, அங்கே பிடித்த சிறிய மகசீர் மீன்களுக்கு 2007-இல் 'டோர் ரெமாதேவி' என்று பெயர் வைத்தார்கள். ரெமாதேவி ஒரு மீனியல் அறிஞர். அந்த மீன் அந்த ஆற்றில் மட்டுமே உண்டு என்றுதான் எண்ணியிருந்தார்கள்.

காவிரியிலும் ஒரு மகசீர் உண்டு. கூன் முதுகு, செம்மஞ்சள் துடுப்பு, 50 கிலோவுக்கு மேலும் வளரும். வெள்ளைக்காரர் காலத்திலேயே தூண்டில்காரர்களிடம் உலகப் புகழ். ஆனால் அறிவியல் பெயர் கிடையாது! பெயர் வைக்காத பிள்ளைக்கு ரேஷன் கார்டில் இடம் உண்டுங்களா? அழிந்துகொண்டிருந்தும் அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

இதற்கிடையில், மகசீர் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தில் மகாராஷ்டிரப் பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். வந்தது பெருகியது, ஊர்க்காரன் குறைந்தான்.

கடைசியில் பவானிசாகரில் வந்து சேரும் மாயாற்றில் கூன்முதுகு மீன்கள் கிடைத்தன. மரபணுவைப் பார்த்தால், பாம்பாற்று மீனேதான்! 2018 ஜூனில் ஆய்வு வெளியானது. அந்தக் குழுவில் நம்ம பாரதியார் பல்கலைக்கழகத்துக்காரரும் இருந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அதே ஆண்டு சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய இனம்' என்று ஏறியது.

சத்தியமங்கலம், பவானிசாகர் பக்கத்து என் பழைய மாணவர்களே, உங்கள் அப்புச்சிமார் இந்த மீனை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? கேட்டு எழுதுங்கள்.